ஒப்பீட்டுக்கு வாங்கிய சங்கரா

வியாழன், காலை 5.20. மயிலாப்பூர்த் தெற்கு மாட வீதியிலிருந்து பெசன்ட் நகர்க் கடற்கரைக்கு ஆட்டோவில் புறப்பட்டோம். தொலைவு ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர். கட்டணம் நூற்றைம்பது ரூபாய். உடன் வந்தவர் இருவர். ஒருவன் என் மனைவியின் தம்பி அரங்கன். நகருக்குத் தெற்கே, இயக்கம் நிறுத்தப்பட்டுப் பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டுவரும் ஓர் அணுமின் நிலையத்தின் சுற்றுச்சூழல் ஆய்வகத்தில் பணிபுரிபவன். மற்றவர் கலைமதி, அந்நிலையத்தின் பாதுகாப்பைச் சோதிக்கும் அரசு ஆய்வாளர்.

அரங்கன் மடியிலிருந்த பனிக்கட்டிப் பெட்டியை ஓட்டுநர் கண்ணாடி வழியே இருமுறை பார்த்தார்.

“மாட வீதிலருந்து மீன் பொட்டியோட சவாரி இன்னிக்குதான் ஏத்துறேன், மாமா.”

“நான் துணைக்கு வருகிறேன், அவ்வளவே” என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

உலையைக் கழற்றும்போது கதிரியக்கம் கடலிற் கலக்கின்றதா என அறிய, அங்குள்ள மீனைத் தொலைவிலுள்ள மீனோடு ஒப்பிட வேண்டும். அத்தொலைவு மீனுக்கென வாய்த்த இடம் பெசன்ட் நகர். மாதந்தோறும் இரண்டு கிலோ சங்கரா மீனை அரங்கன் இங்கே வாங்குகிறான், பதினெட்டு ஆண்டுகளாக. புலால் உண்ணாக் குடியிற் பிறந்தவன், செவுளின் சிவப்பைக் கண்டே மீனின் வயதை மணிக்கணக்கிற் கூறுவான். அவன் வாங்கும் முறையைச் சோதிக்க ஆய்வாளர் வந்தார். வேடிக்கை காண நான்.

5.45. அரங்கன் வழக்கமாக வாங்கும் லூர்துமேரி கூடையைத் திறந்துவைத்து அமர்ந்திருந்தார்.

“வா நைனா. இன்னா, கூட்டத்தோட வந்துகீறே? பொண்ணு பாக்கவா?”

“மேரிம்மா, இவா அதிகாரி. நான் மீன் வாங்கறதப் பாக்க வந்திருக்கா.”

“அதுல பாக்க இன்னா கீது?” மீனை நிறுத்துப் பெட்டியில் இட்டவாறே அவர் கலைமதியிடம் முறையிட்டார். “பதினெட்டு வருசமா வாங்குறான். ஒருநாளாச்சும் கொழம்பு எப்டி இருந்துச்சின்னு சொல்லிகீறானா, கேளும்மா.”

“சமைக்கிறதுக்கு இல்லீங்க. சாம்பலாக்கி அளப்பாங்க.”

லூர்துமேரியின் கை நின்றது. “சாம்பலா? நான் இவன் ஆபீஸ்ல பூனை வளக்குறான்னுல்ல நெனச்சிகினு இருந்தேன்.”

அரங்கன் தலைகுனிந்தான். இத்தனை ஆண்டுகளில் அவன் காரணத்தைச் சொல்லியிருக்கவில்லை. கலைமதி நிலையத்தின் பெயரைக் கூறி, பொறுமையாக விளக்கினார். கேட்கக் கேட்க லூர்துமேரியின் முகத்திலிருந்த கேலி மறைந்தது.

“என் தங்கச்சி அந்த ஊருலதாம்மா வாக்கப்பட்டுகீறா. அவ புள்ளைங்க துன்றது அந்தக் கடல் மீனுதான். அது நல்லதா கெட்டதான்னு என் மீன வெச்சா சொல்றீங்க?”

“ஆமாங்க.”

அவர் பெட்டியிலிருந்த சங்கராக்களை ஒவ்வொன்றாக எடுத்து மீண்டும் கூடையில் போட்டார்.

“இத எடுத்துக்காத நைனா. நேத்து காத்து, நம்ம போட்டு கடல்ல எறங்கல. நீ வெறுங்கையோட போவக்கூடாதுன்னு காசிமேட்டுலருந்து வாங்கியாந்தேன்.”

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்து விசைப்படகுகள் நெடுந்தொலைவு செல்பவை. அம்மீன் எக்கடலினது என்று எவராலும் கூறவியலாது. நிலையத்தை அடுத்த கடலினதாகவும் இருக்கலாம். அவ்வாறாயின் ஒப்பீடே பொய்யாகிவிடும்.

“இதுக்கு முன்னாடி?” அரங்கனின் குரல் தாழ்ந்திருந்தது.

“போன மழையில ஒரு தபா.”

அரங்கன் குறிப்பேட்டைப் புரட்டி அந்த மாதத்துப் பதிவைக் கண்டான். ஒற்றைக் கோட்டால் அடித்து, அருகே காரணம் எழுதி, கையொப்பமிட்டு, கேட்கும் முன்னரே ஆய்வாளரிடம் நீட்டினான்.

“எங்க பிடிச்சதுன்னு நான்தான் கேட்டிருக்கணும். மேரிம்மா மேல தப்பில்ல.”

கலைமதி படித்துத் திருப்பித் தந்தார். “இன்னிக்குப் பக்கத்துல ‘மீன் கிடைக்கவில்லை’ன்னு எழுதுங்க. அதுவும் பதிவுதான்.”

“அப்ப என் தங்கச்சிகிட்ட இன்னான்னு சொல்ல?”

“முன்ன அளந்ததுல பயப்பட ஒண்ணும் இல்ல. இந்த மாசத்துக்கு இன்னும் அளக்கலன்னு சொல்லுங்க. அதான் உண்மை.”

வெள்ளி, காலை 6.10. காற்று தணிந்திருந்தது. மூவரும் மீண்டும் சென்றோம். நான் அழைக்கப்படாமலே சென்றேன். முழங்காலளவு நீரில் நின்ற லூர்துமேரி, கரையேறிய படகைத் தட்டிக் காட்டினார்.

“நான் தொடல நைனா. வலைல கீது, நீயே எடு.”

அரங்கன் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு நீரில் இறங்கினான். வலைக்குள் கைவிட்டு, துள்ளும் சங்கராவைப் பற்றத் தெரியாமல் இருமுறை நழுவவிட்டான், படகிலிருந்தோர் சிரித்தனர். மூன்றாம் முறை பற்றினான்.

நாங்கள் விடைபெறுகையில் கலைமதி பெட்டியை மூடி, நேரமும் படகின் எண்ணும் எழுதிய சீட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். நிலையத்துச் சுவர்களின் கனத்தை அரங்கன் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறான். ஒன்றும் நினைவில் நின்றதில்லை. முந்தைய நாள் அப்பெட்டி காலியானது மட்டும் மறவாது. சற்றுத் தூரம் நடந்த பின்னும் லூர்துமேரி கைபேசியில் தங்கையிடம் பேசுவது காற்றில் கேட்டது:

“முடிவு வர நாளாவுமாம்டி. ஆனா இது நம்ம கடல் மீனு. நான் நின்னு பாத்தேன்.”