குட்டியானை வீடு சேரும் நேரம்

குன்னூரில் குழந்தைகளும் சேர்ந்து நடிக்கும் கதை நிகழ்ச்சி ஒன்றுக்கு மகளைக் கூட்டிப் போயிருந்தேன். வெளியே சாரல். "எல்லாரும் கையைத் தேய்ங்க, காட்டுல மழை பெய்யட்டும்" என்றாள் குட்டியானைக் கதை சொன்ன பெண். உள்ளங்கைகள் உரசும் சத்தத்தோடு, நனைந்த ஸ்வெட்டர்களின் வாசமும் அரங்கில் எழ, நான் சின்ன வயதில் இருந்த கீழ் கோத்தகிரி எஸ்டேட்டின் பிள்ளைக் காம்பராவுக்கே போய்விட்டேன்.

தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் அம்மாக்கள் எங்களை விட்டுச் செல்லும் தகரக் கூரைக் கட்டடம் அது. எங்களைப் பார்த்துக்கொண்ட ஸ்டெல்லாக்கா, சாயங்காலமானால் அம்மாவைத் தேடி நடக்கும் குட்டியானையின் கதையைத் தொடங்குவார். மழைக்கு நாங்கள் கை தேய்ப்போம், யானைக்குப் பலகைத் தரை அதிர மிதிப்போம், காற்றுக்கு ஊளையிடுவோம். கொழுந்து நிறுக்கத் தாமதமாகும் நாட்களில் குட்டியின் வழியில் புதிதாக ஓர் ஆறு வந்துவிடும். "இன்னொரு மலையும் ஏறிப் பாக்கலாமா, சாமிகளா?" என்று கேட்டுக்கொண்டே அக்கா ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார். இடுப்பில் கட்டிய ஈரச் சாக்கோடு அம்மாக்கள் வாசலில் வந்து நின்ற பிறகுதான் குட்டி வீடு சேரும். அதற்கு முன் ஒருநாளும் சேர்ந்ததில்லை.

அந்தக் கட்டடம் இருந்த இடத்தில் இப்போது தேயிலை நட்டிருக்கிறார்கள். அம்மாவும் இல்லை.

"குட்டி ஊட்டுக்குப் போயிருச்சுங்களா?" என்று மேடையிலிருந்து அந்தப் பெண் கேட்டாள்.

"போயிருச்சு!" என்று அரங்கமே கத்தியது, என் மகளும்தான்.

அதெப்படிப் போகும், அம்மா இன்னும் வரவில்லையே என்று நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.