நான் எழுதின நாலாவது ரூல்

பிரிண்ட் முழுசா காயறதுக்கு முன்னாடி அதுல ஒரு வாசனை இருக்கும். போட்டோ கழுவற ஹைப்போ மருந்தோட வாசனை. கொஞ்சம் புளிச்ச மாதிரி, கொஞ்சம் ஆஸ்பத்திரி மாதிரி...

மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கிழமை, தென்னூர்ல ஒரு மாடி ரூம் பூரா அந்த வாசனைதான். எங்க கேமரா கிளப் அங்கதான் கூடும். அறுபதுகளோட ஆரம்பம். மெம்பர் மொத்தம் பதினோரு பேர். நான் செக்ரட்டரி. ஆபீஸ்ல கிளார்க்கா இருந்ததால, "உனக்குத்தான்ப்பா ரூல் எழுத வரும்"னு என் தலையில கட்டிட்டாங்க.

எழுதினேன். நம்பர் போட்டு, டைப் அடிச்சு, ஆளுக்கு ஒரு காப்பி.

படத்துக்கு முன்பக்கம் பேர் இருக்கக் கூடாது. பின்னாடி எழுதி, அது மேல காகிதம் ஒட்டிடணும். ரூமுக்குக் குறுக்கால கொடி கட்டி, துணி கிளிப்ல படங்கள மாட்டுவோம். ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் ஒரு காலி டப்பா. ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை... பிடிச்ச படத்தோட டப்பாவுல போடணும். தன் படத்துக்குத் தானே போட்டுக்கக் கூடாதுன்னும் ஒரு ரூல் உண்டு. அத எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு கேக்காதீங்க. கண்டுபிடிக்கல.

நாலாவது ரூல் இது: "படம் எடுத்த உறுப்பினரே ஃபிலிம் கழுவி, பிரிண்ட் போட்டிருக்க வேண்டும்."

காரணம் இருந்துச்சு. கொஞ்சம் வசதியான ஆளுங்க ரெண்டு பேர், ஃபிலிம ஸ்டுடியோவுல குடுத்து, அவங்க போட்டுக் குடுத்த பிரிண்ட்ட கொண்டாந்து மாட்டி ஜெயிச்சிட்டுப் போயிட்டிருந்தாங்க. அத நிறுத்தத்தான் எழுதினேன்.

அந்த வருஷக் கடைசிப் போட்டிக்கு வெள்ளிக் கப். அதோட, முதல் படம் மெட்ராஸ்ல நடக்கற கண்காட்சிக்குப் போகும். ஒரே ஒரு படம்தான் அனுப்பலாம். நான் மூணு வருஷமா மூணாவது எடத்தத் தாண்டினதில்ல. இந்தத் தடவ காவிரிப் பாலத்துக்கு மேல திரண்டிருந்த மேகத்த எடுத்திருந்தேன். ஸ்ரீரங்கத்துல என் வாடகை ரூம்லேர்ந்து சைக்கிள்ல ஆபீஸ் போறப்ப எடுத்தது. எனக்கு ரொம்ப நம்பிக்கை.

போட்டி அன்னிக்கு உள்ள போயிப் பாத்தா, ஏழாம் நம்பர் படம்...

மணப்பாறை மாட்டுச் சந்தை. ரெண்டு பேர் எதிரெதிரே நிக்கறாங்க. ரெண்டு பேர் கையும் ஒரு துண்டுக்கு அடியில. விரலப் பிடிச்சு மாட்டுக்கு வெல பேசறாங்க. முகத்துல ஒண்ணும் காட்டிடக் கூடாதுன்னு ரெண்டு பேரும் பாடுபடறாங்க. ஆனா எல்லாம் தெரியுது. அந்த வெயில்லயும் துண்டு வெளிறிப்போகல, தலப்பாக்குக் கீழ முகம் இருட்டடிக்கல. அப்படி ஒரு பிரிண்ட்ட எங்கள்ல யாரும் போட்டதில்ல.

என் புளியங்கொட்டையும் அதுக்குத்தான் போட்டேன்.

அதுக்கு ஏழு கொட்டை. என் மேகத்துக்கு மூணு. நான் ரெண்டாவது.

பின்பக்கக் காகிதத்தப் பிரிச்சா, அருள்ராஜ். ஒரு காலேஜ் லேப்ல வேலை பாத்தவரு, அதிர்ந்து பேசாத மனுஷன். எழுந்து நின்னு சொன்னாரு: "நான் எடுத்தது ஒரு செகண்டுதாங்க. எனக்கு அந்த டெவலப்பர் மருந்து பட்டா கை பூரா கொப்புளம் வந்துரும். ஃபிலிம் கழுவினது, மூணு நாள் உக்காந்து பிரிண்ட் போட்டது எல்லாம் எங்க வீட்டம்மா. லூர்து மேரின்னு பேரு. நன்றி அவங்களுக்குத்தாங்க சொல்லணும்."

கை தட்ட ஆரம்பிச்சவங்க நிறுத்திட்டாங்க.

புத்தூர்ல கிளினிக் வச்சிருந்த டாக்டர்தான் எங்க பிரசிடெண்ட். என்னைப் பாத்தாரு. "செக்ரட்டரி, ரூல் என்ன சொல்லுது?"

"அது ஸ்டுடியோவுக்காக எழுதினது சார், இதுக்குப் பொருந்தாது"ன்னு நான் சொல்லியிருக்கலாம். எழுதினவன் நான். நான் சொன்னா சரின்னு விட்டிருப்பாங்க.

சொல்லல. எழுந்து நின்னு நாலாவது ரூல ஒரு எழுத்து விடாம வாசிச்சேன். ஏழாம் நம்பரத் தள்ளிட்டு, கப்ப எனக்குக் குடுத்தாங்க.

ரூல்னா ரூல்தானேன்னு ரொம்ப நாளைக்கு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தேன். அதெல்லாம் சும்மா. எனக்கு அந்தக் கப் வேணும். மெட்ராஸ்ல என் படம் தொங்கணும். அவ்ளோதான் விஷயம்.

அருள்ராஜ் சண்டைக்கு வரல. படத்த நியூஸ்பேப்பர்ல சுத்தி எடுத்துக்கிட்டாரு. படியில எறங்கறப்ப மட்டும், "வீட்டம்மாவ மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போயி அவங்க பிரிண்ட்ட காட்டறேன்னு சொல்லியிருந்தேங்க... பரவால்ல"ன்னாரு. அதுக்கப்புறம் கிளப்புக்கு வரல.

மூணு மாசம் கழிச்சு அவங்க வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேக்கணும்னுதான் போனேன். லூர்து மேரியம்மா காபி குடுத்தாங்க. நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே கேட்டாங்க: "உங்க மேகப் படத்த மெட்ராஸ்ல நல்லா பேசினாங்களாங்க?"

"மாட்டவே இல்லீங்க. திருப்பி அனுப்பிட்டாங்க."

"அடடா"ன்னாங்க. குத்திக் காட்டல. நெசமாவே வருத்தப்பட்டாங்க. கேக்க வந்ததக் கேக்காமலே, போயிட்டு வரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

இப்ப எல்லாம் ஃபோன்தான். கழுவறது இல்ல, காயப்போடறது இல்ல. வெயிலு நெழலு எல்லாத்தையும் ஃபோனே சரி பண்ணிடுது. சௌகரியமாத்தான் இருக்கு, குறை சொல்ல மாட்டேன். ஆனா ஒரு படத்த மூணு நாள் உக்காந்து பாக்கறவங்க இப்ப இருக்காங்களான்னு தெரியல.

போன மாசம் எங்க அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்ல போட்டோ போட்டி. நடத்தற பொண்ணு ஃபோன் பண்ணி, "அங்கிள், நீங்கதான் இதுல பழைய ஆளு, ரூல் எழுதிக் குடுங்க"ன்னுச்சு. ரெண்டே ரெண்டு எழுதி அனுப்பினேன்.

படத்துக்கு யார் யார் வேலை பாத்தாங்களோ அத்தனை பேர் பேரும் போடணும்.

ரூல் எழுதறவன் போட்டியில கலந்துக்கக் கூடாது.

"ரெண்டாவது எதுக்கு அங்கிள்? நீங்க நல்லா எடுப்பீங்களே, நீங்களும் அனுப்புங்க"ன்னுச்சு.

"ஜெயிக்கணும்னு எனக்கு இன்னும் ஆசை இருக்கும்மா, அதான்"னேன்.