எருமையின் வயிற்றில் ஒரு துளை

ஜாடி மூடியின் குமிழில் துளை போட ஊசியை எடுத்தபோதுதான் சிவசங்கரிக்கு அந்தச் சந்தேகம் வந்தது. மண் எருமைக்குத் துளை போட்டோமா?

கோவிந்தசாமியின் பீங்கான் பட்டறையில் அப்போதுதான் சூளையைப் பற்றவைத்திருந்தார்கள். எருமை உள்ளே இருந்தது. உள்கூடான மண் பொம்மையை மூடினால் காற்று போக ஊசித்துளை ஒன்று வேண்டும். இல்லையென்றால் சூடு ஏற ஏற வெடிக்கும். வெடித்தால் தான் மட்டும் போகாது, பக்கத்தில் உள்ளதையும் கூட்டிக்கொண்டு போகும். இன்று பக்கத்தில் இருப்பவை மங்கலம்பேட்டைக் கடைக்குப் போகவேண்டிய ஜாடிகள், பாதி அவளோடு வேலை செய்யும் காசியம்மாள் வனைந்தவை.

அந்தச் சூளையின் மேல்தட்டில் ஒரு மூலை பல வருடமாகச் சிவசங்கரியுடையது. வாரமெல்லாம் முதலாளியின் ஜாடி, ஞாயிற்றுக்கிழமை அவளுடைய ஆடு, மாடு, எருமை. "உன் பொம்மை என் சரக்க ஒடைச்சா அன்னியோட மூலை கெடையாது" என்று கோவிந்தசாமி முதல் நாளே சொல்லியிருந்தார். அது போனால் அவளுக்கு வேறு சூளை ஏது? புருஷன் நந்தகுமார் நல்ல மனுஷன்தான், ஆனால் கொல்லையில் சூளை கட்டித் தருகிற அளவுக்கு நல்லவன் இல்லை.

இந்தப் பைத்தியத்தைப் பிடிக்கவைத்தவள் அமிர்தம். செராமிக் படிப்பில் இருவரும் ஒரே பெஞ்சு. மற்றவர்கள் பீங்கான் ஃபியூஸ் கட்டையின் அளவை மனப்பாடம் செய்தபோது இவர்கள் மிச்ச மண்ணில் மிருகம் செய்தார்கள். கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸை விட்டுவிட்டுச் சிவசங்கரி வீட்டில் ஏச்சு வாங்கியதெல்லாம் அதனால்தான். "என்னாடி இது, கழுதைக்குக் கொம்பு மொளைச்சாப்ல இருக்குது" என்பாள் அமிர்தம், கொஞ்சமும் இரக்கமில்லாமல். அழுதுகொண்டே பிசைந்து மறுபடி செய்வாள் சிவசங்கரி. மறுநாள் அமிர்தத்தின் முறை.

ஒருமுறை துளை மறந்து ஒரு பன்றி வெடித்தது. வகுப்பு மொத்தத்தின் வேலையும் தூள். அன்று இருவரும் போட்ட சட்டம், மூடுகிறவள் குத்தக் கூடாது, மற்றவள்தான் குத்த வேண்டும். அமிர்தம் கல்யாணமாகித் திருச்சி போன பிறகும் சிவசங்கரி அதை மீறவில்லை. வலது கையால் மூடிவிட்டு ஊசியை இடது கைக்கு மாற்றிக் குத்துவாள். இடது கை அமிர்தத்தின் கை. சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

போன மாதம் அமிர்தமே பட்டறைக்கு வந்தாள். சேர்ந்து எருமை செய்தார்கள். மூடியது சிவசங்கரி. குத்தியது யார்? பேச்சும் சிரிப்பும், அதற்குள் ரயிலுக்கு நேரம். காய்ந்ததும் கால் ஒடிந்துவிடப் போகிறதே என்று பலகையோடு தூக்கிச் சூளையில் வைத்தாள், அடிவயிற்றைப் பார்க்கவில்லை.

அமிர்தத்துக்குப் போன் போட்டாள். "எருமைக்கு நீ குத்துனியாடி?"

"ஞாபகம் இல்லியேடி. நீதான மூடுன, நான்தான் குத்தியிருக்கணும்..." அமிர்தத்தின் குரலும் இறங்கிவிட்டது. "சூளையில வெச்சிட்டியா?"

வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். வெடிக்காமலும் போகலாம். ஆனால் சூளைப் பக்கம் சின்னச் சத்தம் கேட்டாலும் உயிர் போய் வந்தது. பன்றி வெடித்த அன்று உடைசலைப் பொறுக்கிய பிள்ளைகளின் முகம் கண்ணுக்குள் நின்றது. காசியம்மாளின் முகமும் அப்படி ஆவதைப் பார்க்க அவளால் முடியாது.

"மொதலாளி, சூளைய நிறுத்துங்க. எருமைக்குத் தொளை போட்டனான்னு தெரியல."

கோவிந்தசாமி கையிலிருந்த ஜாடியைக் கீழே வைத்தார். போய் அணைத்தார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். சூளை ஆறும்வரை அதன் பக்கத்திலேயே நின்றாள். மூலை போயே போச்சு என்று முடிவு கட்டிவிட்டாள்.

கதவைத் திறந்து அவரே எருமையை எடுத்துக் கவிழ்த்தார்.

"ஒண்ணுக்கு ரெண்டு தொளை இருக்குது. இதுக்கா என் சூளைய அணைச்ச?"

எருமையை அவள் கையில் திணித்தார். "மூலையிலயே வையி. இனிமே அந்தப் பொண்ணு வந்தா ரெண்டு பேருமா எங்கிட்ட காட்டிட்டு வையுங்க."

சிவசங்கரி எருமையைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு துளை நேராக, சுத்தமாக இருந்தது, அது அமிர்தம் குத்தியது. மற்றது கோணல். இடது கையால் குத்தினால் அப்படித்தான் சாயும். அமிர்தம் பக்கத்திலேயே நின்றிருந்தும், அந்தக் கை அவளுக்காகக் குத்தியிருக்கிறது.