குடிக்காதவனின் தள்ளாட்டம்

நாற்பத்தாறு வயதில் பாயை நனைக்கும் மனிதனுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று பெரியநாயகத்துக்கு நன்றாகத் தெரியும். திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டி ஒன்றில் இருபது வருஷமாக மூட்டை தூக்குகிறவர் அவர். அங்கே ஒருவன் தும்மினாலே அதற்கொரு பட்டப்பெயர் உண்டு.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் கழிந்த இரண்டாம் நாள் விடியலில் எழுந்தபோது லுங்கியும் பாயும் ஈரமாக இருந்தன. எப்போது போனதென்றே அவருக்குத் தெரியவில்லை. பயப்பட வேண்டியது அதற்குத்தான். அவரோ மனைவி லூசியா பார்த்துவிடுவாளே என்று பயந்தார். சொம்புத் தண்ணீரைப் பாயில் கவிழ்த்து, கால் தட்டிவிட்டது என்றார். ஒரு சொம்பை எத்தனை நாள்தான் தட்டிவிட முடியும்?

நாலாம் நாள் அவள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"மறுபடியும் குடிச்சிக்கினு வர்றியா? தவக்காலத்துல தொட மாட்டேன்னு மாதா முன்னாடி சொன்ன வாயா இது?"

அந்த வாக்கை அவர் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்தார். ஒரு சொட்டு தொடவில்லை. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டார். குடித்துவிட்டுப் பாயை நனைப்பவர்கள் தெருவுக்கு நாலு பேர், சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். குடிக்காமல் நனைப்பவனை விடுவார்களா? வெட்கம் வந்துவிட்டால் மனிதனுக்குப் புத்தி போகிற வழியைப் பாருங்கள்.

மறுநாள் சாயங்காலம் ஒரு குவார்ட்டர் வாங்கி, வாயில் வைக்காமல் சட்டையில் தெளித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையும் நிறுத்தினார். நாக்கு வறண்டதே தவிர, பாய் காயவில்லை.

இடுப்பு வலி தை மாதத்திலிருந்தே இருந்தது. மூட்டை தூக்குகிறவனுக்கு இடுப்பு வலிப்பதெல்லாம் ஒரு நோயா என்று தைலம் தேய்த்துக்கொண்டார். பிறகு தொடையின் உட்பக்கம் மரத்தது. ஒருநாள் செருப்பு கழன்று விழுந்ததை நாலடி நடந்த பிறகுதான் கவனித்தார். நடை கோணிக்கொண்டே வந்தது.

"இன்னா நாயகம், காலையிலியே ஏத்திக்கினியா?" என்றார் மேஸ்திரி கோதண்டபாணி.

மண்டியே சிரித்தது. அவரும் சிரித்தார். தள்ளாட்டத்துக்கும் காரணம் கிடைத்துவிட்டதே என்று அவருக்கு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

தவக்காலம் முடியப்போகும் சமயம், குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள், லாரிக்குப் போட்டிருந்த பலகையில் பாதி ஏறியபோது இரண்டு காலும் மடங்கின. மூட்டை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். லுங்கி நனைந்திருந்தது.

"போதை தெளியட்டும், வுடுங்கடா" என்றார் மேஸ்திரி. வேப்பமரத்தடியில் படுக்க வைத்தார்கள். தலைக்கு ஒரு சாக்கை மடித்து வைத்ததும் நல்ல மனதோடுதான். காலை பத்து மணிக்குப் படுத்தவர் சாயங்காலம் நாலு மணிவரை அங்கேயே கிடந்தார். எழுந்திருக்க முடியவில்லை என்று சொல்ல அப்போதும் வாய் வரவில்லை.

விஷயம் கேட்டு ஓடிவந்த லூசியாதான் ஆட்டோ வைத்து விழுப்புரத்துக்குக் கொண்டுபோனாள்.

"குடிச்சிட்டு வுழுந்துட்டாரு மேடம்" என்றாள் ஆஸ்பத்திரியில்.

டாக்டர் இசைவாணி அவர் முகத்தருகே குனிந்தார். "வாசனையே இல்லியேம்மா?"

"நான் குடிக்கல லூசி. இந்தத் தவக்காலத்துல ஒருநாளும் குடிக்கல" என்றார் பெரியநாயகம். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

டாக்டர் திட்டவில்லை. "பெரியவங்களுக்குப் புதுசா இப்படிப் போச்சுன்னா ஏதோ காரணம் இருக்குங்க. சுகரா இருக்கலாம், மூத்திரப்பைக் கோளாறா இருக்கலாம். பெரும்பாலும் சரிபண்ணிடலாம். ஆனா இடுப்பு வலியோட காலும் மரத்துச்சுன்னா அன்னிக்கே வந்துடணும். முதுகுத்தண்டுல நரம்பு நசுங்குது. எத்தினி நாளா?"

"அஞ்சு வாரங்க."

டாக்டர் போர்வையை விலக்கினார்.

லூசியா அழவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது. "குடிகாரன் துணின்னு திட்டிக்கினே துவைச்சனே. சீக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா திட்டாம துவைச்சிருப்பேனேய்யா."

"ரெண்டு கால் கட்டைவிரலையும் ஆட்டுங்க" என்றார் டாக்டர்.

பெரியநாயகம் கூரையைப் பார்த்தபடி பல்லைக் கடித்தார். நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

"ஆட்டிக்கினுதானே இருக்கேன் மேடம்."

லூசியா அவர் கால்மாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு விரலும் அசையவில்லை.