ரப்பர் ஆலைக்குப் பின்னால் நின்ற மோரிஸ்

மெக்கானிக் உடையப்பனுக்கு இடுப்பு நிமிரவில்லை. விடிந்ததிலிருந்து தோட்டத்துக் கணக்கர் கிராணியாரின் பழைய மோரிஸ் காருக்குள் குனிந்தே கிடந்தவன். நம்பாதவர் நம்பாமல் போகட்டும். எண்பத்து நான்கில், மலேசியாவில் கோல சிலாங்கூர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், பட்டப்பகலில் நடந்தது இது.

காரின் மெனிஃபோல்டு விரிசல் விட்டிருந்தது. எஞ்சின் கக்கும் புகையைக் குழாய்க்குள் தள்ளும் வார்ப்பிரும்பு அது. அது பிளந்தால் புகை காருக்குள் ஏறும். பால் டின் தகட்டைச் சுற்றிக் கம்பி கட்டிப் பார்த்தான். நிற்கவில்லை.

கிராணி வீரசிங்கம் ஓடி வந்தார்.

“உடையப்பா, என்ர மனுசி வாகீஸ்வரிக்குப் பிரசவ வலி தொடங்கிட்டுது. லோரியும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு இந்தக் கார்தான்.”

“இந்தப் புகையில ஏத்தினா அம்மா போய்ச் சேர மாட்டாங்க ஐயா. இருங்க, சாமான் கொண்டாறேன்.”

ரப்பர் ஆலைக்குப் பின்னால், லாலான் புல்லுக்குள் இன்னொரு மோரிஸ் கிடந்தது. தோட்டத்துக்குப் புதியவனான உடையப்பன் அதைத் தூரத்தில் பார்த்ததோடு சரி.

உச்சிப் பொழுது. காக்கைகூடக் கத்தவில்லை.

நட்டெல்லாம் துருவேறி இறுகியிருக்கும் என்று சுத்தியலோடு போனான். விரலால் திருகியதுமே கழன்றன.

மெனிஃபோல்டைத் தொட்டான். சுரீர்... உள்ளங்கை பொத்துப்போனது.

வெயில் சூடு என்று நினைத்தான். ஆனால் வண்டி மர நிழலில் நின்றது.

டொக்... டொக்...

பின்கதவு.

“அண்ணே... கதவத் தொறங்க.”

உச்சி வேளையில் மூன்றாம் முறை கூப்பிடும்வரை வாய் திறக்கக் கூடாது என்பார்கள். அவசரத்தில் மறந்துவிட்டான். தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளின் விளையாட்டு என்று எண்ணினான்.

“இரு புள்ள, இதக் கழட்டிட்டு வந்து தொறக்கிறேன்.”

கடைசி நட்டு கழன்றது. நிமிர்ந்தான்.

கண்ணாடிக்கு உள்ளே முழுக்கப் புகை.

அதில் ஒரு சின்ன உள்ளங்கை.

பக்கத்தில்... அதைவிடச் சின்னது.

இருமல்.

மெனிஃபோல்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடினான்.

அளந்து வார்த்தது போலப் பொருந்தியது. துளிப் புகை கசியவில்லை. அன்று மாலையே வாகீஸ்வரிக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

மறுநாள் தொழிலாளரை மேற்பார்க்கும் மண்டோர் சன்னாசியிடம் சொன்னான். அவர் சிரித்தார்.

“அந்த மோரிஸ்ல எஞ்சினே கெடையாதே லா. சம்சுச் சாராயம் போட்டியா?”

உள்ளங்கையைக் காட்டினான். சிரிப்பு நின்றது.

“டிரைவர் சேதுவோட வண்டிடா அது. வெள்ளம் வந்தப்ப ரெண்டு புள்ளைங்களையும் உள்ள ஒக்கார வச்சு, எஞ்சின ஓட விட்டுட்டு மாட்ட அவுக்கப் போனான். பொகைக்கொழாய் சேத்துல பொதைஞ்சு, பொகையெல்லாம் உள்ள ஏறிருச்சு. பின்கதவுக்கு உள்பிடி இல்ல... எஞ்சின அந்த வாரமே வித்துட்டாங்க. ஆச்சு ஒம்பது வருஷம்.”

உடையப்பன் அந்த மாதமே செரண்டாவுக்குப் போய்விட்டான். கிராணியாரின் கார் அதே மெனிஃபோல்டோடு ஓடுகிறது.

அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்துவிடுவது அவனுக்கு இன்னும் கடன்.