நாலடி பத்தங்குலச் சொர்க்கவாசல்

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குச் சொர்க்கவாசல் என்றால் மார்கழி ஏகாதசியன்று விடியற்காலையில் திறப்பது. பள்ளிக்கூடத்துப் பையன்களான எங்களுக்கு மட்டும் இன்னொன்று இருந்தது. காவிரிக்கு அக்கரையில், கோட்டைப் பக்கம், ஒரு பெரிய பள்ளிக்கூடத்து மைதானத்தின் ஓரத்தில் அது நின்றது. இரண்டு கம்பம், குறுக்கே ஒரு ரீப்பர் கட்டை. தரையிலிருந்து கட்டைக்கு நாலடி பத்தங்குலம். தலை கட்டையில் படாமல் நிமிர்ந்து நடந்து அந்தப் பக்கம் போகிறவன் சின்னப் பிரிவில் கால்பந்து ஆடலாம். தலை பட்டால் அவன் பெரிய பிரிவு. அந்தச் சட்டத்துக்குச் சொர்க்கவாசல் என்று பேர் வைத்தவன் என் கூட்டாளிதான். பேர் ஒட்டிக்கொண்டது. அக்கரைப் பையன்களும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்கள்.

சட்டம் வருவதற்கு முன்னால் எங்கள் பாடு பரிதாபம். போட்டிக்கு வரும் பள்ளிக்கூடங்களெல்லாம் ஒரே தொட்டியில் கிடந்தன. அக்கரைப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு ஹாஸ்டல் உண்டு. புதுக்கோட்டையிலிருந்தும் அரியலூரிலிருந்தும் ஆள் ஆளாக வந்து சேர்ந்தார்கள். ஒரே வகுப்பில் இரண்டு மூன்று வருஷம் நிதானமாக உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகள். ஒருவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்பதை அவர் மாமனார் மைதானத்து ஓரத்தில் நின்று “மாப்ளே!” என்று கைதட்டிக் கூவியதில்தான் தெரிந்துகொண்டோம். எங்கள் பள்ளிக்கூடத்தில் மைதானமே கிடையாது. கொள்ளிடத்து மணலில் ஆடிப் பழகிவிட்டுப் போய், அவர்கள் எடுத்துப் போடும் கோல்களை எண்ணக் கை விரல் போதாமல் திரும்பி வருவோம்.

சின்னப் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் எல்லாரும் சேர்ந்து முணுமுணுத்ததன் பேரில்தான் இரண்டு பிரிவு ஏற்பட்டது. வயதை வைத்துப் பிரிக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எங்களில் யாருக்குப் பிறந்த தேதி தெரியும்? சேர்க்கும்போது வாத்தியார் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ அதுதான் வயது. உயரம் அப்படியில்லை, பொய் சொல்லாது என்றார்கள். அதிலும் ஒரு ஓட்டை இருந்தது. பெரிய பள்ளிக்கூடத்தில் குள்ளர்களுக்கும் பஞ்சமில்லை. அவர்களுடைய சின்னப் பிரிவின் பின்காவலர் ஒருவர் அரும்பு மீசையோடு கட்டைக்கு அடியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவார். ‘அவர்’ என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்ல? இருந்தாலும் எங்களுக்கு அது போதும். மணலில் ஓடி ஓடிக் கால் உரமேறிய பொடியன்கள் நாங்கள். அந்த வருஷம்தான் முதல் தடவையாக எங்கள் பள்ளிக்கூடம் ஃபைனலுக்குப் போயிற்று, எதிரே அதே பெரிய பள்ளிக்கூடம்.

போனதில் பாதிப் பங்கு என் கூட்டாளிக்கு. அவன் லெஃப்ட் இன், நான் அவனுக்கு வெளிப்பக்கம், எல்லைக் கோட்டை ஒட்டி, லெஃப்ட் அவுட். அவன் கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பிள்ளை. குடுமியை இறுக்கி முடிந்துகொண்டு, குட்டை உருவத்தோடு நாலு பேர் காலுக்கு நடுவில் பந்தை வைத்துக்கொண்டு புகுவான். சிக்கிக்கொண்டான் என்று எல்லாரும் நினைக்கும்போது, தலையைத் திருப்பாமலே இடது பக்கம் ஒரு தள்ளு தள்ளுவான். பந்து வருகிற இடத்தில் நான் இருப்பேன். எப்படித் தெரியும் என்று ஒருநாள் கேட்டேன். “நீ ஓடறச்சே மூச்சு வாங்கற சத்தம் எருமை மாதிரி கேக்கறதுடா. இதுக்குப் பாக்க வேற பாக்கணுமா?” என்றான். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என்னைப் பற்றி நல்லதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த எருமைக்கு ஈடாக ஒன்றும் இல்லை.

ஃபைனலை மார்கழியில் வைத்தார்கள். கூட்டாளி முகம் செத்துவிட்டது. ஏகாதசிக்கு முன்னும் பின்னுமாக நடக்கிற பகல்பத்து, இராப்பத்து உற்சவம் முடிகிற வரை அவன் கோயிலை விட்டு நகர முடியாது. “பாசுர கோஷ்டியிலே நான் இல்லேன்னா அப்பா ஆத்துக்குள்ளே சேக்க மாட்டார். நீங்க ஆடுங்கோடா, நான் பெருமாளண்டை சொல்லிக்கறேன்” என்றான். அவன் இல்லாமல் ஆட எனக்கு மனசில்லை. பந்து வராத இடத்தில் ஓடிக்கொண்டிருப்பதற்கு வீட்டிலேயே இருக்கலாம். அவனுக்கு ஹெட்மாஸ்டரைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆகவே நான் போய்க் கேட்டேன்.

“சார், ஏகாதசி வருதுங்க. ஃபைனலைத் தை மாசத்துக்குத் தள்ளி வைக்கச் சொல்லுங்க சார்.”

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். ஏகாதசிக்கு வரும் ஜனங்கள் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே படுத்து எழுந்திருப்பது வழக்கம். அந்த நாளில் பிள்ளைகளை அக்கரைக்கு அனுப்புவது அவருக்கும் தலைவலி. “சரி, எழுதிப் பார்க்கிறேன்” என்றார். இந்த ஜில்லாவில் ஏகாதசி என்றால் யார் மாட்டேன் என்பார்கள்? பொங்கல் கழித்து ஆட்டம் என்று பதில் வந்தது. கூட்டாளி என்னைக் கட்டிக்கொண்டு தெருவென்று பார்க்காமல் குதித்தான்.

உற்சவ நாளெல்லாம் அவன் எனக்குப் பிரசாதம் கொண்டுவந்தான். புளியோதரை, அக்காரவடிசல், கையகலத்துக்கு நெய் சொட்டுகிற தோசை. எங்கள் அப்பாவின் பாத்திரக் கடை வாசலில் நின்று, வாழையிலையைப் பிரித்து, “சாப்பிடுடா, ஃபைனலுக்குத் தெம்பு வேணும்” என்பான். நானும் சாப்பிட்டேன். வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

பொங்கலுக்குப் புதுச் சட்டை தைக்கத் தையற்காரர் அளவெடுத்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. அவர் நாடாவை இரண்டாம் தடவை வைத்துப் பார்த்து, “தம்பி என்னங்க, தீபாவளிக்குத் தைச்சது இப்பப் பத்தாதே” என்றார். அம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்குக் கட்டைதான் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு ஓடி வந்து, நிலைக்கதவில் நானே கரிக்கோடு போட்டு வைத்திருந்த நாலடி பத்துக்கு நேராக நின்றேன். தம்பியைப் பார்க்கச் சொன்னேன். “கோடு தெரியலை. ஒன் தல மறைக்குது” என்றான்.

கூட்டாளி சேதி கேட்டு என்னை உச்சியிலிருந்து கால் வரை அளந்து பார்த்தான். பிறகு, “ஏண்டா, ஒரு பத்து நாள் பொறுத்துண்டு வளரப்படாதா?” என்றான்.

“நீ கொண்டாந்த தோசைதான்டா காரணம்.”

“பெருமாள் பிரசாதத்தைக் குத்தம் சொல்லாதே” என்றான். சொல்லிவிட்டு அவனே அழுதுவிட்டான்.

அதற்குமேல் நாங்கள் சும்மா இருக்கவில்லை. தலையில் சுமை தூக்கினால் உயரம் அமுங்கும் என்று யாரோ சொல்ல, அம்மாவுக்கு உதவி என்ற பேரில் தண்ணீர்க் குடத்தை நான் தலையில் சுமந்தேன். காலையில் இருக்கிற உயரம் சாயங்காலம் இருக்காதாம். நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்தால் இறங்குமாம். வகுப்பில் உட்காரச் சொன்னால்கூட எழுந்து நின்றேன். கோட்டுக்கும் தலைக்கும் நடுவில் மயிரிழைதான் வித்தியாசம் என்று தோன்றியது. மயிர் என்றதும் கூட்டாளிக்குப் புத்தி வேலை செய்தது. நான் அப்போது கிராப்பு வைத்திருந்தேன். அடர்த்தியான கிராப்பு, எண்ணெய் வைத்தாலும் படியாது. “அதை எடுத்துடேன்” என்றான்.

சமயபுரம் போய் மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். ஏன் என்று கேட்பாள், ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று பதில்கள் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நானே சொல்லணும்னு இருந்தேன்டா ராசா. போன வருஷம் காய்ச்சல்ல கெடந்து எலும்பும் தோலுமா இருந்தப்ப ஆத்தாவுக்கு வேண்டிக்கிட்டேன். எம் புள்ள தேறி, நெடுநெடுன்னு வளந்துட்டா முடி காணிக்கை குடுக்கிறேன்னு. கண்ணத் தொறந்துட்டா பாரு.”

ஃபைனல் அன்று காலையிலேயே அவளும் நானும் கொள்ளிடத்துப் பாலத்தைத் தாண்டிச் சமயபுரம் போனோம். அவள் நான் வளர்ந்ததற்கு நன்றி சொல்ல, நான் குறைய வேண்டுமென்று கேட்க, ஒரே சந்நிதியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். ஆத்தா யார் பேச்சைக் கேட்பாள்? அம்மா குழைத்த சந்தனத்தை மொட்டைத் தலையில் தாராளமாகப் பூசிவிட்டாள். வண்டி வேண்டாம், நடந்தே போகிறேன் என்று சொல்லி, நின்றபடியும் நடந்தபடியுமாகவே சாயங்காலம் அக்கரை மைதானத்தில் போய்ச் சேர்ந்தேன்.

சொர்க்கவாசலுக்குப் பக்கத்தில் வேறொரு பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் நின்றார். நல்ல மனிதர். ஒருவர் பின் ஒருவராகப் போனோம். மீசைக்காரர் போனார். கூட்டாளி ஒரு சாண் இடைவெளியில் அலட்சியமாகப் போய், அந்தப் பக்கம் திரும்பி நின்று என்னையே பார்த்தான். நான் மூச்சை வெளியே விட்டு, நிமிர்ந்து, நடந்தேன். ஒரு சத்தமும் இல்லை. கடந்துவிட்டேன். கூட்டாளி கையைத் தூக்கிக் கூவினான்.

டிரில் மாஸ்டர் கட்டையின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். விரலில் சந்தனம்.

“சந்தனம்தான் பட்டது சார்! தலை படலை!” என்று கூட்டாளி ஓடிவந்தான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மீசைக்காரரும் சிரித்தார், “போவட்டும், ஆடட்டும் சார்” என்றுகூடச் சொன்னார். டிரில் மாஸ்டர் சிரிக்கவில்லை. “சந்தனம்னா கழுவிடலாம். கழுவிட்டு இன்னொரு தரம் வா தம்பி” என்றார்.

குழாயடியில் கூட்டாளியே என் தலையைக் கழுவினான். தண்ணீரை ஊற்றி, உள்ளங்கையால் தேய்த்து, தன் சட்டையைக் கழற்றித் துடைத்தான். துடைத்துக்கொண்டே மெதுவாக, அழுத்தி அழுத்தி, உச்சியைக் கீழே தள்ளினான். “உள்ளே போடா, உள்ளே போ” என்று தலையோடு பேசினான். அந்தக் கையின் சூடு இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மறுபடி போனேன். இந்தத் தடவை டக்கென்று கேட்டது.

அதோடு முடிந்தது. அடுத்த வருஷம் நான் பெரிய பிரிவில் ஆடி மாமனார்களுடைய மாப்பிள்ளைகளிடம் உதை வாங்கினேன். அவன் சின்னப் பிரிவிலேயே இருந்தான். அதற்கடுத்த வருஷம் அவனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கோயில் கைங்கரியத்தில் சேர்த்துவிட்டார்கள். நான் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலைக்குப் போனேன், பிறகு ஊர் ஊராக. லீவில் வரும்போது வீதியில் எதிர்ப்படுவான். நெற்றியில் திருமண், இடுப்பில் பஞ்சகச்சம், உயரம் இன்னும் நாலடி பத்தைத் தாண்டவில்லை. அண்ணாந்து பார்த்து, “வளர்றது இன்னும் நிக்கலையாடா ஒனக்கு?” என்பான். இருவரும் சிரிப்போம். ஒரே பக்கத்தில் நின்று ஒரு பந்தைக்கூட அப்புறம் நாங்கள் தொடவில்லை. எனக்கு வாழ்க்கையில் குறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஒரு சாயங்காலம் வேண்டும் என்று இந்த வயதிலும் மனசு கேட்கிறது. வெட்கமில்லாமல் கேட்கிறது.

அன்றைய ஆட்டத்தை இன்னும் சொல்லவில்லை. என் இடத்தில் ஒரு பாவப்பட்ட பையனை இறக்கினார்கள். நான் இடது பக்கத்துச் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே, ஈர மொட்டையோடு, ஆட்டம் போகிற பக்கமெல்லாம் கூடவே ஓடினேன். உட்கார முடியவில்லை. நாங்கள் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். ஆட்டம் முடியப் போகிற நேரம். கூட்டாளி பந்தோடு நாலு பேர் நடுவில் புகுந்தான். எங்கள் அணிப் பையன் ஒருவன் கோலுக்கு நேராகத் தனியாக நின்றான். எல்லாரும் “அங்கே, அங்கே” என்று கத்தினார்கள். கூட்டாளி தலையைத் திருப்பாமல் இடது பக்கம் ஒரு தள்ளு தள்ளினான்.

பந்து கோட்டைத் தாண்டி நேரே என் காலுக்கு வந்து நின்றது.

பந்து வெளியே என்று விசில் ஒலித்தது. அவன் அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். வியர்வை வழிய, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, என்னையும் என் கால் பக்கத்துப் பந்தையும் பார்த்தான்.

“மூச்சு சத்தம் கேட்டதுடா” என்றான்.

வெளியே போன பந்து அவர்களுக்குச் சேர வேண்டியது. மீசைக்காரர் கையை நீட்டிக்கொண்டு வந்தார். எடுத்துக் கொடுத்தேன்.