மேமழை

படிப்பு எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. மழைக்கு உள்ள பேர்களை எல்லாம் ஆற்றங்கரையில்தான் படித்தேன். எங்கள் ஊர் சீவலப்பேரி. மழை எங்கே பெய்கிறது என்பதுதான் எங்களுக்கு முக்கியம். ஊருக்குள் விடாமல் பெய்தால் அடைமழை. மேற்கே மலையில் பெய்தால் மேமழை. அப்போது இங்கே வெயில் காயும், மேற்கே மட்டும் கறுத்துக் கிடக்கும். மேமழை என்று ஒருவர் சொன்னால் போதும், ஆற்றுக்குள் நிற்பவர்கள் துணியை அள்ளிக்கொண்டு கரையேறிவிடுவார்கள்.

தொண்ணூறுகளில் ஓர் ஐப்பசி. என் மகனுக்குத் திசையன்விளையில் பெண் எடுத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. செம்மண் காட்டுப் பிள்ளை. ஓடுகிற ஆற்றைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் பார்த்தாள். நல்ல வேலைக்காரி, வாயும் உண்டு. எனக்கு அவளைப் பிடித்திருந்தது.

அன்று காலை வெயில் சுள்ளென்று அடித்தது. எங்கள் எருமை ஆற்று நடுவே மணல்திட்டில் மேய்ந்துகொண்டிருந்தது. அதைப் பத்திக்கொண்டு வர அவள் கிளம்பினாள்.

"ஏட்டி, மேமழை கெடக்கு, போவாத. எரும தானா வந்துரும்."

"மேமழைக்கா அத்தை பயப்படுதிய? எங்க ஊர்ல மேமழைக்குக் கோழி கூட ஒதுங்காது" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

எகத்தாளம் என்று நினைத்தேன். மறுபடி கூப்பிட்டேன். திரும்பாமல் கையை மட்டும் ஆட்டினாள்.

செங்காவி நிறத்தில் தண்ணீர் வந்தது. கரையில் கூப்பாடு கேட்டு ஓடினோம். எருமை நீந்திக் கரையேறி நின்றது. அவளை மறுநாள், கிழக்கே ஒரு கருவை மரத்து மூட்டில் சிக்கிக் கிடந்தவளாகத்தான் எடுத்தார்கள்.

அவளைப் பெற்றவள் ஆட்களோடு வந்தாள். அழவில்லை. நேரே என் முன்னால் வந்து நின்றாள்.

"எம்புள்ளட்ட என்ன மதினி சொன்னிய?"

"மேமழை கெடக்கு, போவாதன்னு சொன்னேன்."

"மேமழையா? மேல் மண்ணு மட்டும் நனைஞ்சா அதுக்குப் பேருதான மேமழை? செடிக்கு வேரு கூட நனையாது. அதுல முங்கியா எம்புள்ள செத்தா? யார்ட்ட கதை சொல்லுதிய?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர்கள் பக்கம் மழையை மண்ணில் அளக்கிறார்கள். ஏர் பிடிக்கிற அளவுக்குப் பெய்தால் உழவுமழை. புழுதி அடங்கினால் மேமழை. பிள்ளை என்னை எகத்தாளம் பேசவில்லை. லேசாகத் தூறும் என்று நான் சொன்னதாகத்தான் அவள் காதில் விழுந்திருக்கிறது.

"மதினி, எங்களுக்கு மேன்னா மேக்கு. மலையில பெய்யுத மழை" என்றேன்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். வானம் வெளுத்துக் கிடந்தது.

"பொட்டுத் தண்ணி விழாத ஊர்ல வெள்ளம் வந்துச்சாம். நல்லாப் பேசுதிய" என்றாள். கொடுத்த தண்ணீரைத் தொடாமல் எல்லோரும் எழுந்து போனார்கள்.

திசையன்விளையில் இன்றைக்கும் நாங்கள் பிள்ளையை ஆற்றில் தள்ளிய குடும்பம். அதற்காக நான் யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. சரியான சொல்லைத்தான் சொன்னேன். ஆனால் மேற்கே கறுக்கும்போது அந்தச் சொல் நாக்கு வரைக்கும் வரும். விழுங்கிவிட்டு, "மலையில பெய்யுது, ஆறு வரப்போவுது, கரையேறுங்க" என்று முழுசாகக் கத்துகிறேன்.